வென்ட் யார் வீட்டுப் பிள்ளை?

பள்ளியில் ஆங்கில வினைச்சொல் அட்டவணையை ராகம் போட்டு ஒப்பித்தவர்கள் நாம். சீ-க்கு சா, டேக்-குக்கு டுக், ரன்-னுக்கு ரேன், சரி, ஏதோ ஓர் ஒலியாவது ஒட்டுகிறது. ஆனால் 'கோ'வுக்கு 'வென்ட்' எங்கிருந்து வந்தது என்று வாத்தியாரிடம் கேட்டவர் எத்தனை பேர்? இரண்டுக்கும் ஓர் எழுத்துகூடப் பொதுவில்லையே.

வென்ட் பிறந்தது வேறு வீட்டில். 'வெண்ட்' (wend) என்று ஒரு பழைய வினை. திரும்பு, ஒரு பக்கமாகத் திரும்பி நட என்று பொருள். செண்ட் இறந்தகாலத்தில் சென்ட் ஆவது போல, ஸ்பெண்ட் ஸ்பென்ட் ஆவது போல, வெண்ட்டின் இறந்தகாலம் வென்ட் (went). அதைத்தான் கோ தூக்கிக்கொண்டு போய்விட்டது. பாவம் வெண்ட், தன் இறந்தகாலத்தைப் பறிகொடுத்துவிட்டு 'வெண்டெட்' என்று புதிதாக ஒன்று செய்துகொண்டது. இன்றைக்கு மெல்ல நடந்து வழி கடப்பதைச் சொல்லும் 'வெண்ட் ஒன்ஸ் வே' என்ற ஒரு தொடரில்தான் பெரும்பாலும் உயிரோடிருக்கிறது.

அதற்கு முன் கோ என்ன செய்தது? ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் அதன் இறந்தகாலம் 'ஏயோடெ'. அதுவும் கோ-வின் வேரில் பிறந்ததில்லை! ஆக வென்ட் வந்து உட்கார்ந்ததே ஓர் இரவலின் இடத்தில்தான். 15ஆம் நூற்றாண்டு வாக்கில் தெற்கு இங்கிலாந்தில் இந்த மாற்றம் முடிந்துவிட்டது, ஸ்காட்லாந்துக்காரர்கள் மட்டும், கோ-வைத் தாங்கள் சொல்லும் 'கே'வோடு எல்லா வினைக்கும் சேர்க்கிற விகுதியையே சேர்த்து 'கேய்ட்' என்றார்கள். எனக்கென்னவோ அவர்கள் செய்ததுதான் நியாயமாகப் படுகிறது, ஆங்கிலக் குழந்தைகளும் சின்ன வயதில் 'கோ-எட்' என்றுதான் சொல்கின்றன.

அப்புறம் ஏன் அந்தக் குழந்தைகள் வளர்ந்ததும் வென்ட்டுக்கு மாறிவிடுகின்றன? ஒரு நாளில் எத்தனையோ முறை காதில் விழும் சொல்லை மூளை அப்படியே முழுசாக எடுத்து வைத்துக்கொள்கிறது, விதியைத் தேடிப் போவதில்லை. எப்போதோ ஒருமுறை வரும் சொல்லுக்குத்தான் ஞாபகம் தடுமாறுகிறது, உடனே பொதுவிதி வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஹெல்ப் ஒரு காலத்தில் 'ஹோல்ப்' என்று மாறியது, இன்று வெறும் ஹெல்ப்ட். 2007இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு இதற்குக் கணக்கே போட்டது: பழைய ஆங்கிலத்தின் 177 ஒழுங்கற்ற வினைகளை எடுத்துப் பார்த்தால் இன்றும் அப்படியே நிற்பவை 98தான், 100 மடங்கு குறைவாகப் புழங்கும் வினை 10 மடங்கு வேகமாக விதிக்குள் விழுந்துவிடுகிறது. கோ போன்றவை அன்றாடம் வாயில் புரள்வதால் தப்பித்துக்கொள்கின்றன. பிரெஞ்சிலும் இதே கதைதான், 'வே' என்றால் போகிறேன், 'அலோன்' என்றால் போகிறோம், 'இரே' என்றால் போவேன். ஸ்பானிஷ் இன்னும் மோசம், அதில் 'ஃபுய்' என்பது போனேன் என்றும் ஆகும், இருந்தேன் என்றும் ஆகும்.

வடிவம் இப்படி என்றால் பொருளில் நடந்தது இன்னும் சுவாரசியம். 'கோயிங் டு' முதலில் கால் நடக்கிற சமாச்சாரம் மட்டுமே, ஒரு வேலைக்காகக் கிளம்பிப் போவது. போகிறவன் அந்த வேலையை இனிமேல்தான் செய்யப் போகிறான் இல்லையா, அதனால் நாளாவட்டத்தில் நடை தேய்ந்து எதிர்காலம் மட்டும் மிஞ்சியது. பேச்சில் அது 'கோன்னா' என்று சுருங்கியது, ஆனால் இந்தச் சுருக்கம் எதிர்காலத்துக்கு மட்டும்தான்: 'கோன்னா ஈட்' சொல்லலாம், 'கோன்னா லண்டன்' சொன்னால் சிரிப்பார்கள்.

மேலே நான் எழுதியதையே பாருங்கள், 'செய்யப் போகிறான்'. மழை பெய்யப் போகிறது என்கிறோம், மழை எந்த ஊருக்குப் போகிறது? ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் உறவே கிடையாது, ஆனாலும் இரண்டும் ஒரே சந்தில் நுழைந்திருக்கின்றன. பால் கெட்டுப் போச்சு என்கிறோம், அவர்களும் பால் 'வென்ட் பேட்' என்கிறார்கள். கோ, போ இரண்டுமே நம்மை விட்டு விலகிச் செல்வதைச் சொல்பவை, அதனால்தானோ என்னவோ கைவிட்டுப் போன காரியங்களுக்கு அவை சட்டென்று பொருந்துகின்றன. கனவு பலித்தால் மட்டும் அவர்கள் 'கம் ட்ரூ' என்று வரவழைத்துக்கொள்வார்கள். நாமும் மாவு புளிச்சுப் போச்சு என்போம், தோசை நன்றாக இருந்தால் 'நல்லா வந்திருக்கு'.