‘லேட் மேனேஜர்’ என்று எழுதிவிடாதீர்கள்

மாதிரி நேர்காணலுக்கு வந்த ஒரு பட்டதாரியிடம் அட்ஜெக்டிவ் (பெயரடை) எத்தனை வகை என்று கேட்டேன். குவாலிட்டி, குவான்டிட்டி, நம்பர், டெமான்ஸ்ட்ரேட்டிவ், பொசசிவ், இன்டராகேட்டிவ், டிஸ்ட்ரிபியூட்டிவ் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தார். சரி, இந்த வேலைக்கு ஏன் வர விரும்புகிறீர்கள் என்றேன். “ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங் இன் திஸ் ஜாப்” என்றார்.

பட்டியல் மனப்பாடம். ஆனால் வழுக்கிவிடும் இடம் பட்டியலில் இல்லை. ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் நான் அடிக்கடி திருத்துவது, ‘இன்ட்ரஸ்டட்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘இன்ட்ரஸ்டிங்’ என்று சொல்லும் இந்த ஒரு தவறைத்தான்.

காரணம் தமிழில் இருக்கிறது. ‘எனக்கு போர் அடிக்கிறது’ என்கிறோம். உணர்பவர் ‘எனக்கு’ என்று ஓரமாக நின்றுகொள்கிறார். ஆங்கிலத்தில் அவரே எழுவாயாக முன்னால் வந்து நிற்க வேண்டும், அதற்கேற்ற அட்ஜெக்டிவையும் தேர்ந்தெடுக்க வேண்டும். உணர்வைக் கிளப்பும் பொருளுக்கு ‘இங்’, அதை உணரும் ஆளுக்கு ‘எட்’. படம் போரிங், பார்த்த நான் போர்ட். பாடம் கன்ஃபியூசிங், மாணவர் கன்ஃபியூஸ்ட். ‘ஐ ஆம் போரிங்’ என்றால் ‘நான் ஓர் அறுவை ஆசாமி’ என்று நாமே வாக்குமூலம் கொடுத்ததாகிவிடும். இதை விளக்கியதும் அந்தப் பட்டதாரி உற்சாகமாக, “திஸ் ஜாப் இஸ் வெரி இன்ட்ரஸ்டட்” என்றார். இப்படி மறுபக்கம் சாய்வதும் வழக்கம்தான், இரண்டு நாளில் சரியாகிவிடும்.

பள்ளிப் பட்டியலில் இன்னொரு சிக்கல் உண்டு. ‘திஸ்’, ‘மை’, ‘ஈச்’, ‘விச்’ எல்லாம் அதில் அட்ஜெக்டிவ். இன்றைய இலக்கண நூல்கள் பலவும் இவற்றை டிட்டர்மினர், அதாவது எது, யாருடையது என்று பெயரைச் சுட்டிக்காட்டும் சொல், என்று தனியாக வைக்கின்றன. வெறும் பெயர் மாற்றம் என்று நினைக்க வேண்டாம். ‘என்னுடைய இந்தப் புத்தகம்’ என்பது நல்ல தமிழ். அதை அப்படியே ‘மை திஸ் புக்’ என்று எழுதினால் தவறு. இந்த வகையில் ‘மை’யும் ‘திஸ்’ஸும் ஒரே இருக்கைக்குப் போட்டி போடுபவை, ஒன்றுதான் உட்கார முடியும். ‘திஸ் புக் ஆஃப் மைன்’ என்று சுற்றி வர வேண்டும். ‘பிக்’, ‘ஓல்ட்’, ‘ரெட்’ போன்ற உண்மையான அட்ஜெக்டிவ்களுக்கு இந்தத் தகராறு கிடையாது. ‘எ பிக் ஓல்ட் ரெட் பாக்ஸ்’ என்று அடுக்கலாம். அளவு, வயது, நிறம் என்ற வரிசை மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும். பள்ளித் தேர்வு எழுதுபவர்கள் மட்டும் பாடநூலில் உள்ள வகையையே எழுதுங்கள், மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது.

‘மோர் பெட்டர்’ பற்றி ஒரு வரி: ‘பெட்டர்’ என்பதிலேயே ‘மோர்’ அடங்கிவிட்டது. அழுத்தம் வேண்டுமென்றால் ‘மச் பெட்டர்’.

வேலைக்கான சுயவிவரத்தில் ‘ஐ ஹேவ் லிட்டில் நாலெட்ஜ் ஆஃப் கம்ப்யூட்டர்ஸ்’ என்று அடக்கமாக எழுதுபவர்களைப் பார்க்கிறேன். ‘ஓரளவு தெரியும்’ என்று சொல்லத்தான் ஆசை. படிப்பவருக்குப் போய்ச் சேர்வதோ ‘கிட்டத்தட்ட ஒன்றும் தெரியாது’. முன்னால் ஓர் ‘எ’ சேர்த்து ‘எ லிட்டில்’ என்றால் பிழைத்தோம். ‘ஃபியூ’, ‘எ ஃபியூ’ கதையும் இதுதான்.

கடைசியாக, அட்ஜெக்டிவ் நிற்கும் இடம். தமிழில் பெயரடை எப்போதும் பெயருக்கு முன்னால்தான். ஆங்கிலத்தில் ‘இஸ்’, ‘ஆர்’ போன்றவற்றுக்குப் பின்னாலும் வரும். ஆனால் எல்லாச் சொல்லும் இரண்டு இடத்துக்கும் ஒத்துவராது. ‘தி சைல்ட் இஸ் அஸ்லீப்’ சரி, ‘அன் அஸ்லீப் சைல்ட்’ கிடையாது, ‘எ ஸ்லீப்பிங் சைல்ட்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘மெயின்’ இதற்கு நேர்மாறு: ‘தி மெயின் ரீசன்’ உண்டு, ‘திஸ் ரீசன் இஸ் மெயின்’ இல்லை.

சில சொற்கள் இடம் மாறினால் பொருளே மாறிவிடும். ‘தி மேனேஜர் இஸ் லேட்’ என்றால் மேலாளர் வரத் தாமதம். தாமதமாக வந்தவரைக் குறிக்க நினைத்து, மின்னஞ்சலில் ‘அவர் (our) லேட் மேனேஜர்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். படிப்பவர்களுக்கு அது ‘மறைந்த நம் மேலாளர்’. நல்லவேளை, அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினார். ‘தி மேனேஜர், ஹூ கேம் லேட்’ என்று மாற்றி அனுப்பினோம்.