ஒரு சர்க்கரை மாத்திரைச் சீட்டு, நான்கு நாடுகள்

வெளிநாட்டில் வைத்தியம் இலவசமா என்று கேட்டால் ஒற்றை வரியில் பதில் சொல்ல முடியாது. ஆபரேஷன் செலவை விடுங்கள். சர்க்கரை நோய்க்கு மாதாமாதம் வாங்கும் மெட்ஃபார்மின் மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு போனால் அந்த நாட்டின் ஏற்பாடு பிடிபட்டுவிடும்.

பிரிட்டனில் 1948 ஜூலை 5 முதல் வரிப்பணத்தில் நடக்கிறது என்எச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவை. டாக்டரைப் பார்க்கவும் ஆஸ்பத்திரியில் சேரவும் காசு வேண்டாம். ஆனால் இங்கிலாந்து மருந்துக்கடையில் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு (2024 முதல்). ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் அதுவும் இல்லை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் எஃப்பி92ஏ படிவத்தை டாக்டரிடம் கொடுத்து விலக்குச் சான்றிதழ் பெறலாம். சாப்பாட்டுக் கட்டுப்பாடு மட்டும் இருப்பவருக்குக் கிடையாது. சான்றிதழ் இருந்தால் சளி மருந்து உட்பட சீட்டில் எழுதும் எல்லா மருந்தும் இலவசம். இது 5 ஆண்டுதான் செல்லும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். காலாவதியானதைக் கவனிக்காமல் சீட்டில் உள்ள விலக்குக் கட்டத்தில் டிக் அடித்தால், கட்டாமல் விட்ட மருந்துக் கட்டணம் போக 100 பவுண்டு வரை அபராதம். வேலை விசாவுக்காக ஆண்டுக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டியவரும் அதை வைத்து இந்த 9.90-லிருந்து தப்ப முடியாது.

ஜெர்மனியில் நடப்பது அன்றைய அதிபர் (சான்சலர்) பிஸ்மார்க் 1883-இல் போட்ட காப்பீட்டு வழி. சம்பளத்தில் 14.6 சதவீதம் காப்பீட்டு நிதிக்குப் போகும், பாதி முதலாளி கொடுப்பார். அதற்கு மேல் ஒவ்வொரு நிதியும் கூடுதலாகக் கொஞ்சம் பிடிக்கும். மருந்துக்கு விலையில் 10 சதவீதம், குறைந்தது 5 யூரோ, அதிகம் போனால் 10. இப்படிக் கட்டியது ஆண்டு வருமானத்தில் 2 சதவீதத்தைத் தாண்டினால் மீதி ஆண்டுக்கு விலக்கு. நீண்டகால நோயாளிக்கு 1 சதவீதமே வரம்பு. ஆனால் தானாக வராது. ரசீதுகளைச் சேர்த்துவைத்து விண்ணப்பிக்க வேண்டும்.

கனடாவைப் பலர் பிரிட்டன் மாதிரியே நினைக்கிறார்கள். அங்குள்ள 1984 சுகாதாரச் சட்டம் டாக்டரையும் ஆஸ்பத்திரியையும்தான் உறுதிசெய்கிறது; வெளியே வாங்கும் மருந்து மாகாணத்தையும் வேலையிடக் காப்பீட்டையும் பொறுத்தது.

தமிழ்நாட்டில் குழப்பம் தலைகீழ். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு, ஆனால் அது பட்டியலிட்ட சிகிச்சைகளுக்கு. மாதாந்திர மாத்திரைக்கு அட்டையை நீட்டிப் பயனில்லை. அதற்கு ஆரம்ப சுகாதார நிலையம்தான். அங்கே அட்டையே கேட்க மாட்டார்கள்.