கன்டென்ட் கேலண்டர்னா என்ன, அதை தமிழ்ல எப்படி சொல்றது?

சின்னதா கடை வச்சிருக்கவங்க ஆன்லைன்ல வியாபாரத்தை வளர்க்கணும்னு யார்கிட்ட யோசனை கேட்டாலும் சீக்கிரமே காதுல விழுற வார்த்தை கன்டென்ட் கேலண்டர். எங்க சித்தி மரச்செக்கு எண்ணெய்க் கடை வச்சிருக்காங்க, போன வாரம் "ஏம்ப்பா, அது என்ன கேலண்டரு, அதுக்கு தனியா காசு கட்டணுமா"ன்னு கேட்டாங்க. அவங்களுக்கு சொன்னதையே கொஞ்சம் விரிவா எழுதுறேன்.

காசெல்லாம் கிடையாது. எந்தத் தேதில எதைப் பத்தி எழுதிப் போடப்போறோம், யார் எழுதுறது, போட்டோ யார் எடுக்குறதுன்னு முன்னாடியே தேதிவாரியா குறிச்சு வச்சுக்குற அட்டவணை, அவ்ளோதான். நோட்டுல போட்டாலும் சரி, எக்செல்ல போட்டாலும் சரி.

இப்போ வார்த்தைக்கு வருவோம். கன்டென்ட்டுக்கு வேர் லத்தீன் "கொன்டினேரே", சேர்த்துப் பிடிச்சு உள்ள வச்சுக்குறதுன்னு அர்த்தம், துறைமுகத்துல பாக்குற கன்டெய்னரும் இதே வேர்ல வந்ததுதான். தமிழ்ல உள்ளடக்கம். புத்தகத்தோட முன்பக்கத்துல பொருளடக்கம்னு பாத்திருப்பீங்க, அதே அடக்கம். ஆனா சித்திக்கு உள்ளடக்கம்னு சொன்னப்போ ஒண்ணும் புரியல, "அடக்க விலைல வர்ற அடக்கம்தான் சித்தி"ன்னதும் டக்குனு புடிச்சுக்கிட்டாங்க. எள்ளு வாங்குன காசு, வண்டி வாடகை, ஆள் கூலி எல்லாம் உள்ள அடங்குனாதானே அது அடக்க விலை, அதே மாதிரி நம்ம எழுதுறதுக்குள்ள நம்ம தொழில் அறிவு அடங்கி இருக்கணும். "தரமான எண்ணெய், நியாயமான விலை"ன்னு எழுதினா அதுக்குள்ள எதுவுமே அடங்கல, அதை யாரு வேணா எழுதலாம். எள்ளு ஆட்டும்போது செக்குல கருப்பட்டி ஏன் போடுறோம்னு எழுதினா அது கன்டென்ட், ஏன்னா அது செக்கு ஆட்டுறவங்களுக்குத்தான் தெரியும்.

கேலண்டர் கதை இன்னும் சுவாரஸ்யம். ரோமர்கள் மாசத்தோட முதல் நாளை "கலெண்டே"ன்னு சொல்வாங்க, கடனுக்கு வட்டி கட்ட வேண்டிய நாள் அது. அந்தக் கடன் கணக்கை எழுதி வச்ச நோட்டுக்குப் பேரு "கலெண்டாரியம்". அதாவது கேலண்டர்ங்குற சொல்லே ஆதியில ஒரு கணக்கு நோட்டு! தமிழ்ல நாள், காட்டி ரெண்டும் சேர்ந்து நாட்காட்டி.

ஆனா நம்ம ஊர்ல கேலண்டர்னா முதல்ல ஞாபகம் வர்றது சுவத்துல தொங்குற தினசரி காலண்டர்தான். மேல சாமி படம், கீழ கடைப்பேரு, போன் நம்பர், நடுவுல தினம் கிழிக்கிற தாள்ல நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம். வருஷப் பொறப்புக்கு கடைக்காரர் ஓசியில குடுப்பார், நாம ராகு காலம் பாக்கப் போற ஒவ்வொரு தடவையும் கடைப்பேரு கண்ணுல படும். கன்டென்ட் மார்க்கெட்டிங்னு இப்போ பெருசா சொல்ற விஷயம் அப்படியே இதுதான், ஆளுக்கு உபயோகமானதை முதல்ல குடு, உன் பேரு கூடவே போகும். பிரான்ஸ்ல மிஷெலின் டயர் கம்பெனி 1900ல கார்க்காரங்களுக்கு வழிகாட்டிப் புத்தகத்தை இலவசமா குடுத்ததும் இதே கணக்குதான்.

சித்தி கடைக்கு ஒரு வருஷத்தை இப்படிப் போட்டோம். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழ உறைய ஆரம்பிக்கும், மார்கழி வந்தா "எண்ணெய் கட்டியா இருக்கே, எதையாவது கலந்துட்டீங்களா"ன்னு நாலு பேராவது கேப்பாங்க, அதுக்குப் பதில் சொல்ற கட்டுரையை மார்கழில போட்டா லேட், கூகுள்ல ஏறி ஆளுங்க கண்ணுல பட கொஞ்ச நாள் ஆகும்ங்கறதால ஐப்பசிலயே போட்டுரணும். மாங்காய் சீசன் வர்றதுக்கு முன்னாடி ஊறுகாய்க்கு நல்லெண்ணெய் ஏன்னு ஒண்ணு. தீபாவளிக்கு எண்ணெய்க் குளியல், அதுல எள் நெய்தான் எண்ணெய் ஆச்சுங்குற சொல் கதையையும் சேர்த்துக்கலாம். அடியில மண்டி நிக்குறது ஏன்ங்குறதை எந்த மாசமும் போடலாம். மாசத்துக்கு ரெண்டு போதும், அதுக்கு மேல கடையையும் பாத்துக்கிட்டு எழுத முடியாது.

சரி, தமிழ்ல என்னன்னு சொல்லலாம்? உள்ளடக்க நாட்காட்டின்னு நேரா மாத்தி சிலர் எழுதுறாங்க, தப்பில்ல, ஆனா வாயில நிக்கல. கட்டுரைத் திட்டம்னா போட்டோவும் வீடியோவும் வெளிய போயிடுது, தேதியும் தெரியல. என்னோட தேர்வு "பதிவு நாட்காட்டி". நெட்ல போடுற எதையும் பதிவுன்னுதான் நாம ஏற்கெனவே சொல்றோம், நாட்காட்டின்னதும் சுவத்துல தொங்குற அந்த காலண்டரும் மனசுல வந்துருது. கடைல பேசும்போது பதிவு காலண்டர்னே சொல்லிக்கலாம்.

சித்தி இப்போ தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளைத் தூக்கிப் போடுறதில்ல. அன்னிக்கு கடைக்கு வந்தவங்க கேட்ட கேள்வியை அதோட பின்பக்கத்துல எழுதி கல்லாப்பெட்டிக்குள்ள போட்டு வைக்கிறாங்க. நேத்து தாள்ல இருந்த கேள்வி, "கடலை எண்ணெய் பொங்குதே, ஏன்?"