குடல் புண்ணானால் தலை ஏன் வலிக்கிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்களுக்கு ஒட்டுப்பாலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மங்கில் (பால் கிண்ணத்தில்) சொட்டியது போக, மிச்சப் பால் வெட்டுவாயிலேயே உறைந்து நாடாவாகப் படியும். மரம் தன் காயத்தை அப்படித்தான் அடைத்துக்கொள்கிறது. நம் இரத்தமும் காயத்தின் வாயில் உறைய வேண்டியதுதான். ஓடுகிற குழாய்க்குள் உறைந்தால்தான் விபரீதம்.

அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்ற நோயில் பெருங்குடலின் உட்சுவர் புண்ணாகி, மலத்தோடு இரத்தமும் சளியும் போகும். பேராக் மாநிலக் கிந்தா பள்ளத்தாக்கில் நடந்த ஆய்வில் மலாய்க்காரர், சீனரைவிட இந்தியர்களிடமே இது அதிகம் தெரிந்தது. நம்மவர்களோ மூலம் என்று நினைத்து வெளியே சொல்வதில்லை.

புண் குடலில்தான், ஆனால் அழற்சி உடம்பு முழுக்கப் பரவும். கல்லீரல் ஃபைப்ரினோஜென் போன்ற உறைபொருள்களைக் கூடுதலாகச் சுரக்கிறது. உறைவதற்கு உதவும் இரத்தத் தட்டுகளும் பெருகுகின்றன. பேதியில் நீர் வற்றி, படுக்கையிலேயே கிடந்தால் கேட்கவே வேண்டாம். இந்த நோயாளிகளுக்குச் சிரைகளில் இரத்தம் உறையும் அபாயம் மற்றவர்களைவிட 2 முதல் 3 மடங்கு. நோய் முற்றியிருக்கும் நாட்களில் அதற்கும் மேல். பெரும்பாலும் காலிலும் நுரையீரலிலும்தான் உறையும். அபூர்வமாக, மூளையிலிருந்து இரத்தம் வடியும் பெரிய சிரைகளில் உறைகிறது. லோங்காங் (சாக்கடை) அடைத்தால் தண்ணீர் வாசலுக்கு ஏறுமே, அதேபோல் இரத்தம் பின்னோக்கித் தேங்கி அழுத்தம் கூடும். சிறு குழாய்கள் வெடித்து மூளைக்குள் கசியவும் கூடும்.

நாளுக்கு நாள் கூடும் தலைவலி, படுத்தாலோ இருமினாலோ மோசமாவது, வாந்தி, மங்கும் பார்வை, வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்வது: இவற்றுக்குப் பனடோல் போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். குடல் நோய் இருப்பதையும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சிரைகளைக் காட்டும் எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. ஸ்கேனில் அடைப்பு தெரியும்.

சிகிச்சை, இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி. மூளையில் கசிவு இருந்தாலும் பெரும்பாலும் இதைத்தான் கொடுப்பார்கள், ஏனென்றால் கசிவுக்குக் காரணமே அடைப்புதான். பிறகு 3 மாதம் முதல் ஓராண்டு வரை உறைவதைத் தடுக்கும் மாத்திரை.

இரத்தபேதியோடு வார்டில் சேர்ந்தவருக்கு, உறைகட்டி வராமல் தடுக்கவும் இதே ஊசியைக் குறைந்த அளவில் போடுவார்கள். "ஏற்கெனவே இரத்தம் போகுது, இதுல உறையாம இருக்க ஊசியா?" என்று வீட்டார் பதறுவது நியாயம்தான். ஆனால் அந்த இரத்தம் புண்ணிலிருந்து வருகிறது, உறையும் சக்தி குறைந்ததால் அல்ல. அதே நேரத்தில் சிரைகளுக்குள் அது உறையத் தயாராகவே இருக்கிறது.