ஹூட் இழுக்கிறது, காற்று எங்கே போகிறது? இங்கிலாந்தின் குசினிக் காற்று விதி

புதிதாகக் கட்டிய வீட்டில் செத்தல் மிளகாய் தாளித்துப் பாருங்கள். அடுப்பை அணைத்து வெகுநேரம் ஆன பிறகும் மேல்மாடியில் யாராவது இருமுவார்கள். விக்டோரியா காலத்து வீட்டில் யன்னல் இடுக்காலும் தரைப்பலகை இடுக்காலும் காற்று தானாக வந்து போகும். ஹீட்டிங் காசும் அதோடு சேர்ந்து போகும். புது வீட்டில் அந்த இடுக்குகளை அடைத்துவிட்டார்கள். சூடு உள்ளே நிற்கிறது, புகையும்தான்.

இதனால்தான் இங்கிலாந்தின் கட்டட விதிகளில் சூட்டைச் சேமிக்கச் சொல்லும் 'பார்ட் எல்' வழிகாட்டியையும் காற்றோட்டம் பற்றிய 'பார்ட் எஃப்' வழிகாட்டியையும் ஒன்றாகத் திருத்தினார்கள். இரண்டும் 2022 ஜூன் 15 முதல் நடைமுறையில் உள்ளன. ஸ்கொட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் தனி விதிகள்.

குசினிக்கு நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு எண்கள். சமைக்கும்போது மட்டும் போடுகிற விசிறி என்றால், அடுப்புக்கு மேலே பொருத்தி, புகையை இழுத்து வீட்டுக்கு வெளியே தள்ளும் ஹூட்டுக்கு செக்கனுக்கு 30 லீற்றர் காற்று போதும். ஹூட் இல்லை, அல்லது இருந்தும் வெளியே தள்ளவில்லை என்றால் 60 லீற்றர் இழுக்கும் விசிறி வேண்டும். ஏன் இரட்டிப்பு? அடுப்புக்கு நேர் மேலே என்றால் புகையைப் பரவ முன்னரே பிடித்துவிடலாம். சுவர் விசிறியிடம் போய்ச் சேருவதற்குள் அது அறை முழுக்கக் கலந்துவிடும். (பின்வரிசை அடுப்பில் தாளித்தால் ஹூட் இன்னும் நன்றாகப் பிடிக்கும்.) கடைப் பெட்டிகளில் மணித்தியாலத்துக்கு இத்தனை கன மீற்றர் என்றுதான் பெரும்பாலும் போட்டிருக்கும், 30 லீற்றர் என்பது 108 கன மீற்றர், 60 என்பது 216. காஸ் அடுப்பா, மின் அடுப்பா என்று இந்த எண்கள் பார்ப்பதில்லை.

சிக்கல் அந்த 'வெளியே' என்ற சொல்லில் இருக்கிறது. பல பிளாட்டுகளில் இருப்பது கரி ஃபில்டர் ஹூட். காற்றை இழுத்து, எண்ணெயையும் கொஞ்சம் மணத்தையும் பிடித்துக்கொண்டு, மிச்சத்தை நம் முகத்துக்கே திருப்பி விடும். நீராவி அப்படியே நிற்கும். காஸ் எரியும்போது உண்டாகும் நைட்ரஜன் டைஒக்சைட்டும் பெரும்பாலும் அறைக்குள்தான். தொய்வு (ஆஸ்துமா) உள்ள பிள்ளை இருக்கிற வீட்டில் இது சின்ன விஷயமில்லை. நான் வாடகைக்கு இருந்த ஒரு வீட்டில் மூன்று வருடம் ஹூட்டைப் போட்டுப் போட்டுச் சமைத்தேன். ஒருநாள் மேலே இருந்த அலமாரியைத் திறந்து பார்த்தால் குழாயே இல்லை. சத்தம் மட்டும் நன்றாக இருந்தது.

உங்கள் வீட்டிலும் அலமாரியைத் திறந்து பாருங்கள். வெளிச்சுவரில் காற்று வெளியேறும் கிறில் இருக்கிறதா என்றும் பாருங்கள். புது வீடு என்றால் விசிறிகளின் காற்று அளவை அளந்து, முடிவைக் கட்டடக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குக் கொடுத்திருக்க வேண்டும். காற்றோட்ட அமைப்பை எப்படிப் பயன்படுத்துவது என்ற விளக்கமும் வீட்டுக்காரருக்குத் தரப்பட வேண்டும். சாவி வாங்கும்போதே அந்தத் தாள்களைக் கேளுங்கள், பிறகு கிடைக்காது.

பழைய வீட்டில் இருக்கிறவர்களை இந்த விதி சும்மா வந்து தட்டாது. ஆனால் யன்னல் மாற்றினால் வரும். புது யன்னல் போட்ட பிறகு வீட்டின் காற்றோட்டம் முன்பைவிட மோசமாகக் கூடாது என்பது விதி. ஆகவே பழைய யன்னலில் காற்றுத் துவாரம் இல்லாவிட்டாலும் புதியதில் பொதுவாக வைக்கத்தான் வேண்டும். குசினிக்கு 8,000 சதுர மில்லிமீற்றர். குளிர் வருகிறது என்று அதில் டேப் ஒட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விசிறி வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வேண்டாமா? புது வீட்டில் உள்கதவுகளுக்குக் கீழே 10 மில்லிமீற்றர் இடைவெளி கேட்பதும் இதற்குத்தான்.

அப்புறம், வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. 2022 ஒக்டோபர் 1 முதல், பொயிலர் போல எரிபொருள் எரியும் நிலையான சாதனம் உள்ள அறையில் வீட்டுச் சொந்தக்காரர் கார்பன் மொனொக்சைட் அலாரம் வைக்க வேண்டும். காஸ் அடுப்பு மட்டும் இதில் விலக்கு. குசினியில் பொயிலரும் இருந்தால் அலாரம் கட்டாயம். அடுப்பு மட்டும் என்றால் சொந்தக் காசில் ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள்.