மூன்றாம் நாள் பால் எங்கிருந்து வருகிறது?

மல்லாவியிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ பிரசவத்துக்காகக் கிளிநொச்சிக்கோ, மாஞ்சோலையிலுள்ள முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைக்கோ போகும் தாய், சுகப்பிரசவம் என்றால் பெரும்பாலும் மறுநாளே பிள்ளையோடு வீடு வந்துவிடுவார். மார்பு நிறையப் பால் வருவதோ மூன்றாம் நாளளவில். அந்த இரவில்தான் மார்பு கல்லாக இறுகும், முலைக்காம்பு வெடித்து எரியும், பிள்ளை விடாமல் அழும். "பால் காணாது போல, கொஞ்சம் பால்மா கரைச்சுக் குடுப்பம்" என்ற பேச்சும் அப்போதுதான் எழும். கைபிடித்துக் காட்டித்தர அந்த நேரம் அருகில் தாதி இல்லை. ஆகவே விடுதியில் கழியும் அந்த ஒரு நாளில் என்ன நடக்கிறது என்பது மிகவும் முக்கியம்.

கர்ப்பத்தின் நடுப்பகுதியிலேயே மார்பு கடும்புப் பாலை, அதாவது சீம்பாலை, சுரக்கத் தொடங்கிவிடுகிறது. ஆனால் சூல்வித்தகம், அதாவது நச்சுக்கொடி, சுரக்கும் புரொஜெஸ்தரோன் என்ற ஓமோன் பால் பெருகவிடாமல் தடுத்து வைத்திருக்கும். பிரசவத்தில் நச்சுக்கொடி வெளியேறியதும் அந்தத் தடை விலகுகிறது. அதிலிருந்து 30 முதல் 40 மணித்தியாலங்களில் பால் பெருகத் தொடங்கும். தாய் அதை இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் உணர்வார். முதற்பிரசவம், சிசேரியன், நீரிழிவு, கடும் இரத்தப்போக்கு ஆகியவை இதைப் பிந்தச் செய்யலாம். நச்சுக்கொடியின் துண்டு கருப்பையில் தங்கிவிட்டால் தடை முழுதாக விலகாது. பால் பெருகாமல் இரத்தப்போக்கும் நீடித்தால் உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

தடை விலகுவது தானாக நடக்கும். அதன்பின் பால் தொடர்ந்து ஊறுவது பிள்ளை உறிஞ்சுவதில் தங்கியிருக்கிறது. உறிஞ்சும் ஒவ்வொரு தடவையும் மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி இரண்டு ஓமோன்களை விடுகிறது. புரோலக்ரின் பாலை உருவாக்கும். இது இரவில் கூடுதலாகச் சுரப்பதால் இரவுப் பாலூட்டலை விடக்கூடாது. ஒட்சிரோசின் மார்புக்குள்ளிருக்கும் நுண்ணிய தசைக்கலங்களைச் சுருக்கிப் பாலை வெளியே தள்ளும். கருப்பையையும் அதுவே சுருக்குவதால் பால் கொடுக்கும்போது அடிவயிறு வலிக்கலாம்; இரத்தப்போக்கைக் குறைக்கும் வலி அது. நோவும் பயமும் ஒட்சிரோசினை மறிக்கும். அதனால் பிள்ளைப்பெற்றவளுக்கு வலிநிவாரணி கொடுப்பதும், கட்டிலைச் சுற்றித் திரை போடுவதும், அதட்டாமல் பேசுவதும் பால் சுரப்புக்கான சிகிச்சையேதான்.

மூன்றாவது ஒரு கட்டுப்பாடு மார்புக்குள்ளேயே இருக்கிறது. பால் தேங்கினால் சுரப்பு குறையும், வெளியேறினால் கூடும். பால்சுறா வறையும் உள்ளி போட்ட சரக்குக்கறியும் தாய்க்கு நல்ல சாப்பாடுதான், தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் பிள்ளை சரியாக உறிஞ்சாவிட்டால் எந்தச் சுறாவாலும் பாலைக் கூட்ட முடியாது. பத்தியம் என்று சொல்லித் தாய்க்குத் தண்ணீரை மட்டுப்படுத்தவும் கூடாது. வன்னி வெயிலில் தாகத்துக்கேற்பக் குடிக்க விட வேண்டும்.

பிறந்த உடனே பிள்ளையைத் துடைத்து, உடுப்பில்லாமல் தாயின் வெறும் நெஞ்சில் குப்புற வைத்து, இருவரையும் சேர்த்துத் துணியால் மூட வேண்டும். நிறுப்பதும் அளப்பதும் குறைந்தது ஒரு மணித்தியாலம் காத்திருக்கலாம். அப்படி விட்டால் பிள்ளை கொஞ்சம் இளைப்பாறி, கையை நக்கி, தலையை ஆட்டி, மெல்ல ஊர்ந்து தானாகவே முலைக்காம்பைத் தேடிப் பிடிக்கும். இந்த விழிப்பு பிறந்து ஒன்றிரண்டு மணித்தியாலம்தான் இருக்கும். பிறகு பிள்ளை நீண்ட தூக்கத்துக்குப் போய்விடும். முள்ளந்தண்டில் ஊசி போட்டுச் செய்யும் சிசேரியனிலும், தாயும் பிள்ளையும் நலமாக இருந்தால், சத்திரசிகிச்சைக் கூடத்திலேயே இதைத் தொடங்கலாம். ஒரு எச்சரிக்கை: இந்த நேரத்தில் பிள்ளையின் மூக்கும் வாயும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், கழுத்து மடங்கக்கூடாது, களைத்துப்போன தாயைத் தனியே விடக்கூடாது. யாராவது ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

இனி வாய் வைக்கும் விதம். முலைக்காம்பு வெடிப்பது, பால் கட்டுவது, பிள்ளையின் நிறை குறைவது, இவற்றில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. பிள்ளையின் காதும் தோளும் இடுப்பும் ஒரே கோட்டில், வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். தலையை மட்டும் திருப்பி வைத்தால் பிள்ளையால் இலகுவாக விழுங்க முடியாது. நீங்களே கழுத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் குடித்துப் பார்த்தால் விளங்கும். மூக்கு முலைக்காம்புக்கு நேராக இருக்கட்டும். காம்பால் மேலுதட்டைத் தொட்டு, பிள்ளை கொட்டாவி விடுவதுபோல வாயை அகலத் திறக்கும்வரை பொறுத்திருந்து, அந்தக் கணத்தில் பிள்ளையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும். மார்பைப் பிள்ளையிடம் கொண்டுபோகக் குனிந்தால் முதுகுதான் நோகும். சரியாகப் பிடித்திருந்தால் பிள்ளையின் நாடி (மோவாய்) மார்பில் அழுந்தியிருக்கும், கீழுதடு வெளியே மடிந்திருக்கும், காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் மேற்பகுதி கீழ்ப்பகுதியைவிடக் கூடுதலாகத் தெரியும். கன்னம் குழியாது. ஆழமாக இழுத்து, விழுங்கி, சற்று நின்று, மறுபடி இழுக்கும். காம்பை மட்டும் பிடித்தால் அது மேலண்ணத்தில் நசிந்து வெடிக்கும், பாலும் வராது. அப்போது இழுத்து எடுக்காமல் சுத்தமான சின்னவிரலைக் கடைவாயில் விட்டு உறிஞ்சலைத் துண்டித்து, மறுபடி வைக்க வேண்டும். தாதி தன் கையால் மார்பைப் பிடித்து வாய்க்குள் திணித்துவிட்டால் அந்த ஒரு தடவை காரியம் முடியும். வீட்டுக்குப் போனபின் தாய்க்கு ஒன்றும் தெரியாது. சொல்லிக் காட்டி, தாயையே செய்ய வைப்பதுதான் உதவி.

முதல் நாளில் பிள்ளைக்கு ஒரு தடவைக்குக் கிடைப்பது 2 முதல் 10 மில்லிலீற்றர் கடும்புப் பால். ஒரு தேக்கரண்டி 5 மில்லிலீற்றர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அது போதும், சிறிதாய் இருக்கும் இரைப்பை நாளுக்கு நாள் விரிந்து, நான்காம் நாளளவில் 30 முதல் 60 மில்லிலீற்றர் வரை கொள்ளும். மஞ்சளாகப் பிசுபிசுத்து வரும் இதைப் பழுதான பால் என்று பீச்சி ஊற்றக்கூடாது. குடற்சுவரைப் பூசிக் காக்கும் பிறபொருளெதிரிகள் இதில் செறிந்திருக்கின்றன. தாயின் குடல் எந்தக் கிருமிகளைச் சந்தித்ததோ அவற்றுக்கு எதிரானவை பாலில் வரும். அதே வளவில், அதே கிணற்றுத் தண்ணீரோடு வளரப்போகும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான காப்பு இல்லை.

"வெயிலுக்கு நாவறண்டு போச்சு, ஒரு சொட்டுத் தண்ணி குடுங்கோ" என்பது சித்திரை, வைகாசியில் அடிக்கடி கேட்கும் குரல். தாய்ப்பாலில் ஏறத்தாழ 88 வீதம் தண்ணீர்தான். ஆறு மாதம் வரை வேறு தண்ணீர் வேண்டியதில்லை. வெக்கை கூடினால் கூடுதல் தடவை பாலூட்டலாம்.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 1991 இல் தொடங்கிய குழந்தை நேய வைத்தியசாலைத் திட்டத்தின் பத்துப் படிகள் (2018 இல் திருத்தப்பட்டவை) தாயும் பிள்ளையும் இரவு பகல் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்றும், மருத்துவக் காரணமில்லாமல் வேறு உணவோ தண்ணீரோ கொடுக்கக்கூடாது என்றும் சொல்கின்றன. தாய்ப்பாலுக்குப் பதிலாக விற்கப்படும் பால்வகைகளின் சந்தைப்படுத்தலுக்கான 1981 இன் சர்வதேசக் கோவைப்படி பால்மா விளம்பரமும் இலவச மாதிரியும் விடுதிக்குள் வரக்கூடாது. காரணம் எளிது. ஒரு போத்தல் பால்மா குடித்த பிள்ளை நீண்ட நேரம் தூங்கும், மார்பில் பால் தேங்கும், சுரப்பு குறையும், அடுத்த நாள் இன்னொரு போத்தல் தேவைப்படும். 2016 ஆம் ஆண்டின் சுகாதாரக் கணக்கெடுப்பில் இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 வீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே குடித்தனர். எங்கள் தாய்மாரிடம் விருப்பத்துக்குக் குறைவில்லை. அந்த மூன்றாம் நாளுக்கான கைப்பழக்கம்தான் கொடுக்கப்படாமல் விடப்படுகிறது.

மேலதிக உணவு உண்மையிலேயே தேவைப்படும் பிள்ளைகளும் உண்டு. நிறை குறைந்தவர்கள், குறைமாதத்தில் பிறந்தவர்கள், நீரிழிவுள்ள தாயின் பிள்ளைகள், இவர்களுக்கு இரத்தத்தில் வெல்லம் இறங்கலாம். அப்போதும் முதலில் தேடவேண்டியது தாயின் பீச்சிய பாலையே. அது போதாவிட்டால் வைத்தியர் சொல்லும் அளவில் வேறு பால். பீச்சக் கைகழுவி, பெருவிரலையும் சுட்டுவிரலையும் காம்பின் அடியிலிருந்து 2 முதல் 3 சென்ரிமீற்றர் தள்ளி எதிரெதிரே வைத்து, முதலில் நெஞ்சுப்பக்கம் அமர்த்தி, பின் விரல்களைச் சேர்த்து அழுத்தி விட வேண்டும். தோலில் வழுக்கி இழுத்தால் நோகும். முதல் சில நிமிடம் ஒன்றும் வராமல் இருக்கலாம். சேர்ந்த பாலைச் சூப்பிப் போத்தலில் அல்லாமல், கொதிக்கவைத்த சிறு கோப்பையாலோ சங்காலோ கொடுக்கலாம். வாய்க்குள் ஊற்றாமல் உதட்டில் தொடவைத்து, பிள்ளையை நிமிர்த்தி, தானே நக்கிக் குடிக்கவிட வேண்டும். 25 பாகை வெப்பத்தில் பீச்சிய பால் 4 மணித்தியாலம் இருக்கும். வன்னியில் பகலில் அதைவிடச் சூடு என்பதால் உடனே கொடுப்பதோ குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதோ நல்லது.

மூன்றாம் நாள் மார்பு இறுகினால் பிள்ளையால் கௌவ முடியாது. கருவட்டம் இளகும்வரை கொஞ்சம் பீச்சிவிட்டு வைத்தால் கௌவும். பாலூட்டியபின் ஈரத்துணியால் குளிர் ஒத்தடம் கொடுக்கலாம். ஒரு பக்கம் சிவந்து காய்ச்சலும் வந்தால் வைத்தியரிடம் போகவேண்டும், பாலூட்டலை நிறுத்தத் தேவையில்லை.

பால் காணுமா என்பதை அழுகையை வைத்து முடிவுசெய்யாதீர்கள். நாளுக்கு 8 முதல் 12 தடவை குடிக்கிறதா? ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஆறு தடவைக்குக் குறையாமல் சலம் போகிறதா? கறுப்பு மலம் நான்கைந்து நாளில் மஞ்சளாகிவிட்டதா? நிறை முதலில் இறங்குவது இயல்பு. 3 கிலோவில் பிறந்த பிள்ளை 300 கிராமுக்கு மேல் இழந்தாலோ, எழுப்பியும் குடிக்காமல் தூங்கினாலோ, மூன்றாம் நாளுக்குப் பிறகும் சலம் செங்கல் நிறமாக இருந்தாலோ விடியும்வரை காத்திராமல் கொண்டுபோக வேண்டும். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும் நாளில், பிள்ளையை நிறுத்தபின், அவர் பார்த்திருக்க ஒரு தடவை முழுதாகப் பாலூட்டிக் காட்டுங்கள். விடுதியை விட்டு வெளியேறும்போதே, துண்டு கொடுக்கும் தாதியிடம் அந்த உத்தியோகத்தரின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு, கிளினிக் கொப்பியின் முன்மட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.