சைலேஜ் குழியில் சக்கையும் திப்பியும் சேர்க்கும் முன்

சைலேஜ் என்பது பசுந்தீவனத்தை நறுக்கி, காற்றுப் புகாமல் குழியில் மூடிப் புளிக்கவைத்த தீவனம். பழச்சக்கை, மரவள்ளித் திப்பி (கிழங்கிலிருந்து மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கை), நிலக்கடலைக் கொடி, வைக்கோல் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் சைலேஜில் போட்டால் தீவனம் மேம்பட்டுவிடாது. குழிக்குள் போகிற பசுந்தீவனத்தில் குறைவது ஈரமா, சர்க்கரையா, புரதமா என்று பார்த்து, அந்தக் குறையை நிரப்புவதைத்தான் சேர்க்க வேண்டும்.

முதலில் ஈரம். கலவையில் 65 முதல் 70 சதவீதம் இருக்க வேண்டும். அதிகமானால் சாறு வடியும். சர்க்கரையும் புரதமும் அதோடு போய்விடும். மிஞ்சுவதில் பியூட்டிரிக் அமில பாக்டீரியா பெருகி, மாடு முகர்ந்துவிட்டு விலகும் அளவுக்கு நாறும். குறைந்தால் எவ்வளவு மிதித்தாலும் இறுகாது; உள்ளே நிற்கும் காற்றில் பூஞ்சை பிடிக்கும். நறுக்கியதை ஒரு கைப்பிடி எடுத்து அரை நிமிடம் இறுக்கிப் பிடியுங்கள். சாறு சொட்டினால் ஈரம் மிகுதி. கையை விரித்ததும் உதிர்ந்தால் போதாது. உருண்டை மெல்லப் பிரிந்து, உள்ளங்கை மட்டும் ஈரமானால் சரி.

பழச்சக்கையிலும் திப்பியிலும் சுமார் 80 சதவீதம் தண்ணீர்தான். அதைச் சரிக்கட்டத்தான் வைக்கோல். 83 கிலோ சக்கையோடு 10 சதவீத ஈரமுள்ள வைக்கோல் 17 கிலோ கலந்தால் ஈரம் 68 சதவீதத்துக்கு வரும். வைக்கோலை 2 சென்டிமீட்டருக்கு நறுக்கியே ஆக வேண்டும். அதன் தாள் உள்ளே குழல்போல வெறுமையாக இருப்பதால், நீளமாகப் போட்டால் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சக்கையும் வைக்கோலும் தனித்தனி அடுக்காக நிற்காமல் நன்றாகக் கலந்திருக்க வேண்டும்.

திப்பியில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. தீவனத்தைப் புளிக்கவைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களுக்குச் சர்க்கரைதான் வேண்டும்; அவற்றில் பெரும்பாலானவை மாவுச்சத்தை நேரடியாகப் பயன்படுத்தாது. திப்பி போட்டாயிற்று, இனிப்பு வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள்.

நிலக்கடலைக் கொடியில் புரதம் உண்டு, சர்க்கரை குறைவு. பயறு வகைச் செடிகளின் இயல்பே புளிப்பு ஏறாமல் தடுப்பது. அதனால் கொடியை அரைநாள் வாடவிட்டு, சோளத்தட்டை அல்லது மக்காச்சோளத்தட்டை 3 பங்குக்குக் கொடி 1 பங்கு என்ற அளவில் கலந்து, 100 கிலோவுக்கு 3 கிலோ மொலாசஸ் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் இனிப்புப் பாகு) தெளியுங்கள். மொலாசஸைக் கரைக்கும் தண்ணீரும் ஈரக் கணக்கில் சேரும்.

பூஞ்சை பிடித்த கொடியையோ சக்கையையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். புளிப்பு ஏறினால் நஞ்சு முறிந்துவிடும் என்ற நம்பிக்கை தவறு; அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு அப்படியே தங்கி, பாலிலும் இறங்கும். ஈரச்சக்கை வந்த அன்றே குழிக்குப் போக வேண்டும்.

15 சென்டிமீட்டர் அடுக்காக மிதித்து நிரப்பி, ஓரிரு நாளில் மூடிவிடுங்கள். மழைநீர் இறங்காதபடி தார்ப்பாலின் மேல் எடை வைத்து, 45 நாள் கழித்துத் திறக்கலாம். இளமஞ்சள் கலந்த பச்சை நிறமும் இதமான புளிப்பு வாசமும் இருந்தால் நன்றாக வந்திருக்கிறது, புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (குறைந்தால் புளிப்பு அதிகம்) 4.2-க்குள் நிற்கும். கறுத்த, சூடேறிய பகுதியை எறிந்துவிடுங்கள். தினமும் முகப்பு முழுவதும் ஒரே சீராக 15 சென்டிமீட்டராவது வெட்டி எடுங்கள். கறவை மாட்டுக்கு 5 கிலோவில் தொடங்கி ஒரு வாரத்தில் படிப்படியாகக் கூட்டி, பால் கறந்த பிறகே வையுங்கள். முன்னால் வைத்தால் பாலில் சைலேஜ் வாடை ஏறும்.